ரீச்சர் சேர்ந்த இயக்கம்

பிரசாந்தனுக்குப் பர்மா என்றால் சோறு தண்ணி வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் பாரிஸ் புறநகரான சார்செல்லுக்கு வந்து, பாரிஸில் பர்மிய அரசியலை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் எடுத்தவர். சொந்த நாட்டுச் சண்டையைப் பற்றி எழுதினால் ஒரு பக்கம் துரோகி என்பார்கள், மறு பக்கம் வேறு பெயர் வைப்பார்கள். பர்மாவைப் பற்றி எழுதினால் எவரும் மூச்சு விடமாட்டார்கள். வீட்டில் எரிகிற நெருப்பைப் பார்க்கப் பயந்து பக்கத்துத் தெரு நெருப்பை அளக்கப் போனவர் என்றுகூட அவரைச் சொல்லலாம். முகத்துக்கு நேரே எவரும் சொன்னதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவருடைய பேச்சு. ஏற்பாடு செய்தவர் இராஜதுரை. அவருடைய சாப்பாட்டுக் கடையின் நிலவறை மண்டபத்தில்தான் எங்கள் ஆட்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு, அரசியல் கூட்டம் எல்லாம் நடக்கும். முதல்நாள் கொண்டாட்டத்தின் பலூன்கள் இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றன. வடையும் தேத்தண்ணியும் இலவசம் என்பதால் கதிரைகள் நிரம்பியிருந்தன.

கடைக் கண்ணாடிகளில் ஒட்டிய விளம்பரத்தில்தான் ஒரு சின்னக் கோளாறு. ஆட்சி மாறுகிற காலத்தைக் குறிக்கப் பிரசாந்தன் ‘மாறுகாலம்’ என்று ஒரு சொல்லைத் தானே உண்டாக்கி வைத்திருந்தார். பெற்ற பிள்ளையைப்போல அதில் அவருக்குப் பெருமை. அச்சகத்துப் பையனோ அது எழுத்துப்பிழை என்று நினைத்து, ‘பர்மாவின் மாரிகாலம்’ என்று அடித்துவிட்டான். மழைக்காலத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்களும் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

பிரசாந்தன் கோபிக்கவில்லை. பெருந்தன்மையாகச் சிரித்தார். பேச்சையே அந்தப் பிழையில் தொடங்கினார். நாம் எந்தச் சொல்லுக்குப் பழகியிருக்கிறோமோ அதையே பார்க்கிறோம், அதையே கேட்கிறோம். மேற்குலக அறிஞர்களும் பர்மாவை அப்படித்தான் வாசித்தார்கள் என்றார். பத்து வருடமாக இராணுவம் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுத் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமலே நின்றது. தேர்தல் நடந்தது, கைத்தொலைபேசி வந்தது, முதலீடு வந்தது. அறிஞர்கள் அதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைத்தார்கள். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து அந்தக் கதவைப் படாரென்று சாத்தியபோது அவர்களுடைய விரல்களும் சேர்ந்து நசுங்கின. சபை சிரித்தது. மனுசனுக்குப் பேசத் தெரியும்.

பிறகு தன் சொந்தக் கண்டுபிடிப்புக்கு வந்தார். வெள்ளைக்காரன் வயல் வேலைக்குக் கொண்டுபோன தமிழரின் பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். பர்மியர் அவர்களை ‘கலா’ என்று ஏளனமாகக் கூப்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகத் தலை குனிந்து இருந்தவர்கள் என்றுதான் எல்லா அறிஞரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அவர்களும் ஆயுதம் தூக்கினார்கள். அதற்கு அவரிடம் சாட்சி இருந்தது: மோல்மேன் பக்கத்துக் கணக்கு ரீச்சர் ஒருவர், ஆயுத இயக்கத்தில் சேர்ந்தவர். கட்டுரையில் அவருக்குக் கஜானி என்று பெயர் மாற்றியிருந்தார்.

“பர்மாவிலையும் கஜானி எண்டு பேர் வைக்கினமோ?” என்று இராஜதுரை கேட்டார்.

அது தான் வைத்த பெயர் என்று சொல்லிவிட்டுப் பிரசாந்தன் வேகமாக அடுத்த வசனத்துக்குப் போனார். கைதட்டல் எழுந்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி துவக்குத் தூக்கினாள் என்று அந்த மண்டபத்தில் சொன்னால் கைகள் தாமாகவே தட்டும். அந்தக் கட்டுரையால் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவிக்கான நேர்முகத்துக்கும் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதையும் இராஜதுரை ஒலிவாங்கியில் அறிவித்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண். பிரசாந்தன் எழுந்தவரைக் கண்டார். முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்தான் கணக்கு ரீச்சர். பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர் தின் தின் மூ, வீட்டில் அஞ்சலை. இரண்டு வருடத்துக்கு முன்னர் அகதிகளுக்கு உதவுகிற சங்கமொன்றில் பிரசாந்தன் அவரைச் சந்தித்தார். அகதி விண்ணப்பத்துக்கு அவருடைய கதையைப் பிரெஞ்சில் எழுத ஆள் வேண்டியிருந்தது. பிரசாந்தனுக்குப் பர்மிய மொழி தெரியும். ஆனாலும் இருவருக்கும் தமிழ் இருக்கிறதே என்ற சந்தோசத்தில் தமிழிலேயே பேசினார்கள். ரீச்சர் அவரைச் ‘சயா’ என்று கூப்பிட்டார். பர்மாவில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லில் பிரசாந்தன் குளிர்ந்துபோனார். அன்றே கதையை எழுதிக் கொடுத்தார். தமிழும் பிரெஞ்சும் தெரிந்த தனக்கு அது எதற்கு என்று, எழுதியதை ரீச்சருக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை. கட்டுரையை முடிக்கிற அவசரத்தில் அதன்பிறகு ரீச்சரைத் தேடவும் இல்லை.

“சயா, நான் எப்ப துப்பாக்கி தூக்குனேன்?” என்று ரீச்சர் கேட்டார்.

மண்டபத்தில் வடை மெல்லுகிற சத்தமும் நின்றது. பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பெண் தன்னை ரீச்சரின் வழக்கறிஞர் ஆரெலி என்று சொல்லிக்கொண்டு, பிரெஞ்சில் நிதானமாக விளக்கினார். எழுத்தில் கொடுத்த கதையில் ரீச்சர் ஆயுதக் குழுவில் இருந்தவர் என்று இருக்கிறது. நேர்முக விசாரணையில் பர்மிய மொழிபெயர்ப்பாளர் மூலம் அவர் சொன்னது, பள்ளிக்கூட வேலைநிறுத்தத்தில் இருந்ததாக மட்டும்தான். இரண்டும் பொருந்தாததால் அவர் பொய் சொல்கிறார் என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். வியாழக்கிழமை மேன்முறையீடு. அதிலும் தோற்றால் நாட்டை விட்டுப் போகச் சொல்வார்கள். திரும்பிப் போனால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

“ரீச்சர், நீங்கள்தானே இயக்கத்திலை சேர்ந்தனான் எண்டு சொன்னனீங்கள்” என்றார் பிரசாந்தன்.

“ஆமா, ஒத்துழையாமை இயக்கம். ராணுவத்துக்குக் கீழ வேலை செய்ய மாட்டோம்னு டீச்சருங்க எல்லாம் பள்ளிக்கூடம் போகாம வீட்டுல உக்காந்துட்டோம். அதைத்தான் இயக்கம்னு சொன்னேன்.”

இராஜதுரை தலையில் கை வைத்தார். “ஐயோ தம்பி, இயக்கம் எண்டால் எங்களுக்குத் துவக்குத் தூக்கின இயக்கம் ஒண்டுதானே” என்றார். அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். இருந்த எல்லோரும் அந்தச் சொல்லை அப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் இருந்த எல்லோரும் பர்மாவை ஆராய்ந்து பட்டம் எடுத்தவர்கள் இல்லை. அரச ஊழியர்களின் அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பிரசாந்தன் முழு அத்தியாயமே எழுதியிருக்கிறார். ரீச்சர் பர்மிய மொழியில் சொல்லியிருந்தால் அரை நொடியில் விளங்கியிருக்கும். தமிழில் சொன்னதால் விளங்காமல் போயிற்று. கொஞ்ச நேரத்துக்கு முன்னர் அச்சகத்துப் பையனைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வர, பிரசாந்தனுக்குக் காது மடல்கள் சுட்டன. மானம் போயிற்று என்பதைவிட, தான் செய்ததன் அசிங்கம்தான் அவரைக் கூச வைத்தது.

கூட்டம் கலைந்தது. படியேறிப் போகும்போது எவரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பலூன்களுக்குக் கீழே மூவர் மட்டும் இருந்தார்கள். வியாழக்கிழமை நீதிமன்றத்துக்கு வந்து, பிழை தன்னுடையது என்று சொல்ல முடியுமா என்று ஆரெலி கேட்டார். சொன்னால் அது பதிவாகும், கட்டுரையும் விழும் என்று பிரசாந்தனுக்குத் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவருடைய மூளை ஒரு வழி தேடியது. இயக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு, மயக்கம் வர இடமுண்டு என்று ஆய்வாளராக ஒரு கடிதம் எழுதித் தரலாம் என்றார். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஆரெலி அதைக் குறித்துக்கொண்டார். ரீச்சர் என்னவென்று கேட்டார். பிரசாந்தன் தமிழில் சொன்னார்.

“வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். நான் சொன்னது ஒண்ணுதான்” என்றார் ரீச்சர். இந்தத் தடவை சயா என்று கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பிரசாந்தன் தானே நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, எந்தக் குழு, என்ன ஆயுதம் என்று நீங்கள் இவரிடம் கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினீர்களா? இல்லை. ஏன் கேட்கவில்லை?

கடிதத்துக்காக ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் அவருக்குப் பாடமாக இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

“கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று இருந்தது. முதலில் விளங்கிக்கொண்ட பதில்தான் என் கட்டுரைக்கு வேண்டியிருந்தது” என்று பிரெஞ்சில் சொன்னார். பர்மிய மொழிபெயர்ப்பாளர் அதை ரீச்சரிடம் சொல்லி முடிக்கும்வரை பிரசாந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு சிறுத்துப்போய் அவர் நின்றதில்லை.

தீர்ப்பைப் பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். ஆரெலி அடுத்த வழக்குக்கு உள்ளே போக, இருவரும் நடைபாதை வாங்கில் இருந்தார்கள். பிரசாந்தன் மன்னிப்புக் கேட்டார். ரீச்சர் பையிலிருந்து தோடம்பழம் ஒன்றை எடுத்து உரித்தார்.

“அந்தக் கட்டுரையில இருக்குற பொம்பளைய என்ன பண்ணப் போறீங்க?”

“திருப்பி எடுக்கச் சொல்லி எழுதிப்போட்டன். நேர்முகத்துக்கும் போகேல்லை.”

ரீச்சர் தலையாட்டினார். அது சரியான விடை என்பதுபோல ஆட்டினார், அவ்வளவுதான். பிறகு கேட்டார்: “எங்க ஊருல அப்படிப் பேரு கெடையாது. கஜானின்னா யாரு?”

இராஜதுரை கேட்டபோது பிரசாந்தன் தப்பிய கேள்வி அது.

“அக்கா.”

“இருக்காங்களா?”

“இல்லை. இயக்கத்திலை இருந்தவ.”

இந்த இயக்கம் எது என்று ரீச்சர் கேட்கவில்லை. சுளைகளைப் பிரித்து, பாதியை அவருடைய கையில் வைத்தார்.

“அப்ப அவங்களப் பத்தி நீங்க எழுதியிருக்கலாமே” என்றார். “என்னைய எதுக்கு எழுதுனீங்க?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ரீச்சர் பாடத்தில் சந்தேகம் கேட்பதைப்போலத்தான் கேட்டார். பர்மாவைப் பற்றி அவர் எழுதியவை சார்செல் வீட்டில் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. தான் எழுதப் பயந்து மறைத்த அக்காவுக்கு இன்னொரு பெண்ணின் உடம்பைக் கொடுத்து, துவக்கையும் கொடுத்து, அந்தப் பெண்ணைப் பொய்க்காரியாக்கி இந்த வாங்கில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார். பிரசாந்தன் தோடம்பழச் சுளைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ரீச்சருக்கு முன்னால் அழுதார்.