போகக்கூடாத வீடு

சிவேந்திரனுக்கு மலேசியாவின் கிள்ளான் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை. வெள்ளிக்கிழமை தோறும் கடையைத் திறந்ததும், கண்திருஷ்டி கழிய வாசலில் ஒரு தேங்காய் உடைப்பார். உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் விடுவார். அன்றைக்கென்று பார்த்து போன் வந்தது. பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவருடைய நெடுநாள் வாடிக்கையாளர் பெர்னடெட் ஆன்டி, தேங்காய்த் தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கெட்டதை விரட்ட உடைத்த தேங்காய், அதை வாசலுக்கே கூட்டி வந்துவிட்டது. வேறென்ன சொல்ல?

ஆன்டி ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். கைக்கு நஷ்டஈடு கேட்டு அவர் மகன் நைஜல் இரண்டே நாளில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான்.

சிவேந்திரன் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஓடினார். அங்கே வக்கீலாக இருக்கும் பிரகலாதன் அவருடைய பள்ளித் தோழர்.

"அந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காத. சாரின்னு ஒரு வார்த்தை சொன்னா, தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். அப்புறம் கடைய வித்துத்தான் கட்டணும் லா" என்றார் பிரகலாதன்.

சிவேந்திரனும் பயந்து அடங்கிவிட்டார். ஆனால் அடிபட்டுக் கிடப்பவரை ஒரு மைலோ டின்னோடு போய்ப் பார்க்காமல் இருந்த பழக்கம் அவருக்கு ஜென்மத்தில் கிடையாது. சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு மனைவி ஜனகா வேறு.

"போய்ப் பார்த்தாச்சான்னு ஊரே கேக்குது. நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு மீன் காய் வாங்க பாசார் போறது?"

ஒரு மாதம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை, கிளம்பிவிட்டார். கதவைத் திறந்த நைஜல், "உள்ள வாங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பேசியை மேசைமேல் வைத்தான். பேசுவதைப் பதிவு செய்கிறானோ என்று சிவேந்திரன் அதையே ஓரக்கண்ணால் பார்த்தார். பட்டும் படாமலும் பேசத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். ஆன்டியின் மாவுக்கட்டைப் பார்த்ததும் அத்தனையும் பறந்துபோனது.

"தப்பு என்மேலதான் ஆன்டி. வாசலக் கழுவாம உள்ள போயிட்டேன். மன்னிச்சிடுங்க."

போச்சு, கடை போச்சு என்று நினைத்தார். ஆனாலும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது.

ஆன்டி அவரையே பார்த்தார். "இதச் சொல்ல உங்களுக்கு ஒரு மாசமா? கை உடைஞ்சதுக்குக்கூட நான் அழல. நீங்க எட்டிப் பார்க்கலன்னுதான் அழுதேன். நோட்டீஸோட நிக்காம கோர்ட்டுக்கே போன்னு நைஜல்கிட்ட சொன்னதும் அந்தக் கோபத்துலதான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி லா, பெரிய செலவெல்லாம் இல்ல. நைஜல், அந்த போன எடுத்து உள்ள வை. நாளைக்கு நம்ம லாயர்கிட்ட கேஸ் வேணாம்னு சொல்லிடு."

சிவேந்திரன் வெட்கமில்லாமல் அழுதார். ஆன்டி கொடுத்த தேநீரையும் கேக்கையும் ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அப்படிப் பசித்து எத்தனை நாளாயிற்று!

நைஜல் கேட் வரைக்கும் கூடவே வந்தான்.

"எனக்கும் இப்பதான் மூச்சு வருது அண்ணே. கோர்ட்டுன்னு நெனச்சாலே தூக்கம் வரல. நேர்ல பேசிடலாம்னு உங்க கடை வாசல் வரைக்கும்கூட வந்தேன்."

"அப்புறம் ஏன் தம்பி உள்ள வரல?"

"உங்ககூட ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு எங்க லாயர் சொல்லிட்டாரு."