காம்பில்லாத முதல் அறுவடை

விதை வாங்குவதற்கு முன்பே இளஞ்செழியன் விசிட்டிங் கார்டு அச்சடித்துவிட்டான். பெயருக்குக் கீழே ‘நிறுவனர் மற்றும் தலைமை மலர் ஆலோசகர்’ என்றிருந்தது. நிறுவனம் என்பது அடி அண்ணாமலையில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர், ஒரு மோட்டார் கொட்டகை, அவன். ஆலோசனை கேட்க இதுவரை ஆடு மட்டும்தான் வேலியைத் தாண்டி வந்திருந்தது.

சென்னையில் பார்த்த கம்பெனி வேலை போனபிறகு, ஆன்லைனில் இரண்டு நாள் பயிற்சி எடுத்தான். காம்போடு வெட்டி ஜாடியில் வைக்கிற பூவுக்குத்தான் எதிர்காலம் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டினான். கையேட்டில் ‘பிராண்டிங்’ அத்தியாயத்தை நான்கு முறை படித்தான். ‘அறுவடை’ கூலியாட்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டான்.

மனைவி அன்புச்செல்வி எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு கெடு வைத்திருந்தாள். முதல் வெட்டிலேயே நிலையாகப் பூ வாங்குகிற ஒரு இடம் கிடைக்காவிட்டால், வேங்கிக்காலில் அவள் அண்ணன் தருமன் நடத்துகிற ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். தருமன் நல்லவன். மச்சானுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தான். அந்த நல்ல குணம்தான் இளஞ்செழியனைத் தூங்கவிடவில்லை.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் மாசக்கணக்கில் தங்குகிற ஒரு லாட்ஜ் இருக்கிறது. அதன் மேனேஜர் அறிவுமதி, ஆஸ்டர் பூ இருநூறு காம்பு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வேண்டும், பிடித்திருந்தால் வாராவாரம் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலமே பூப்பறிக்கும் மணியம்மாளையும் அவளோடு வரும் மூன்று பெண்களையும் நிற்கவைத்து இளஞ்செழியன் அரை மணி நேரம் பேசினான். லாங் ஸ்டெம், ஷார்ப் கட், குவாலிட்டி கன்ட்ரோல். மணியம்மாள் வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் முதல் அறுவடை. வீடியோ எடுக்க வேண்டுமல்லவா? சட்டையை இஸ்திரி போட்டு, பக்கெட்டுகளில் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி முடித்து நிலத்துக்கு வரும்போது மணி ஏழரை. பறிப்பு முடிந்திருந்தது. தார்ப்பாயின் மேல் ஊதாவும் வெள்ளையும் ரோஸுமாக மூன்று மூட்டைப் பூ குவிந்து கிடந்தது. ஒன்றில்கூட நகத்தளவு காம்பு இல்லை.

“அக்கா, காம்பு எங்க?”

“செடியில இருக்குது.”

அவன் வரப்பில் உட்கார்ந்தான். இஸ்திரி போனது பற்றி அப்போது யோசிக்கவில்லை.

“ஒண்ணரை அடிக் காம்போட வெட்டுங்கன்னு நேத்து அவ்ளோ நேரம் சொன்னனே.”

“சொன்ன தம்பி, இல்லன்னு யாரு சொன்னா? காம்போட கொண்டும்போனா எடைக்கு ஏமாத்தறான்னு மார்க்கெட்ல மூட்டையத் தூக்கி வீசுவானுங்க. புதுசா தொழிலுக்கு வந்த ஆளு. மொத நாளே உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் ஒண்ணொண்ணா கிள்ளி எடுத்தோம். எங்களுக்குத்தான் வேலை ஜாஸ்தி.”

இதற்கு எப்படிக் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இது எடைக்கில்லை, எண்ணிக்கைக்கு, ஜாடியில் வைக்க என்று விளக்கினான். பூவைச் சாமிக்கும் வைக்காமல் தலைக்கும் வைக்காமல் தண்ணியில் நிற்கவைத்துப் பார்க்கிறவர்களுக்காக மணியம்மாள் நிஜமாகவே பரிதாபப்பட்டாள்.

செடிகள் மொட்டையாகவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தான். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பூ மிச்சமிருந்தது. வெளி இதழ் மட்டும் பிரிந்து, நடுவில் இன்னும் இறுக்கமாக. அது ஏன் விட்டீர்கள் என்று கேட்டான். விரியாததை எவளாவது பறிப்பாளா, எடை நிக்காது என்றாள் அவள்.

வேறு வழியில்லை. வெறுங்கையோடு போவதற்கு இது மேல். புதுக் கத்திரியை எடுத்து அவனே குனிந்தான். பத்தாவது செடியில் இடுப்பு பேச ஆரம்பித்தது. பெண்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவன் வெட்டுகிற அழகைப் பொறுக்க முடியாமல் அவர்களும் அரிவாளோடு இறங்கினார்கள். இருநூறு தேறியது. வீடியோ எடுக்கவில்லை.

லாட்ஜில் அறிவுமதி ஒரு காம்பை எடுத்துத் திருப்பினாள். நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். இளஞ்செழியனுக்கு ஜெராக்ஸ் மெஷினின் சூடு முகத்தில் அடித்தது.

“இதுக்கு முன்னாடி வெளியூர்லேர்ந்து வரவழைச்சோம்” என்றாள். “எல்லாம் முழுசா விரிஞ்ச பூ. மூணாம் நாள் தலை தொங்கிடுச்சி. கெஸ்ட்டுங்க ஒரே கம்ப்ளைன்ட். நீங்க இந்தப் பதத்துல வெட்டியிருக்கீங்க, ஒரு வாரம் கண்டிப்பா தாங்கும். யார் சொல்லிக் குடுத்தாங்க?”

கையேட்டின் அறுவடை அத்தியாயம் முதல் பக்கத்திலேயே இதைத்தான் சொல்கிறது. அவன் அந்தப் பக்கத்துக்குப் போனதே இல்லை. ‘எங்கள் நிறுவனத்தின் தரக்கொள்கை’ என்று ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அதைத் தூக்கி நிறுத்த உடம்பில் தெம்பில்லை.

“யாரும் சொல்லலைங்க. விரிஞ்சதெல்லாம் எங்காளுங்க காம்பில்லாம பறிச்சிட்டாங்க. மிஞ்சினது இதான்.”

அறிவுமதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாத மேனேஜர் போலிருக்கிறது.

“அப்ப அந்தத் தப்பையே வாராவாரம் பண்ணுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை இருநூத்தம்பது.”

வெளியே வந்தபோது மணியம்மாளிடமிருந்து போன். மூன்று மூட்டையையும் ஷேர் ஆட்டோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். மறுநாள் பௌர்ணமி கிரிவலம், இறக்கிவைத்த கையோடு விற்றுப்போய்விட்டதாம். குரலில் எப்படியோ பாடுபட்டு ஒரு பையனைக் காப்பாற்றிவிட்ட திருப்தி.

அடுத்து அன்புச்செல்வி.

“என்னாச்சிங்க?”

“வாராவாரம் கேக்கறாங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கெடு வைத்தவளும் காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“சாப்ட்டீங்களா?” என்றாள்.

இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயிறு திடீரென்று காலியாக, லேசாக இருந்தது. எதிரே இருந்த கடையில் நுழைந்து, மண் படிந்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து, நாலு இட்லி சொன்னான். அது முடிந்ததும் ஒரு தோசை. சட்னி தீர்ந்துவிட்டது என்றார்கள். பரவாயில்லை, சும்மாவே குடுங்க என்றான்.