ஒரு மணியைக் கூட்டும் வரி

சர்வரை மாற்றிய மறுநாளே அலுவலகத்துக்குத் தலைவலி ஆரம்பித்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் எத்தனை மணிக்குக் காலியாகும் என்று செய்தி அனுப்புகிற மென்பொருள் அதில்தான் ஓடியது. செய்தியை நம்பி வந்தவர்கள் எல்லாரும் ஒரு மணி நேரம் தாமதம். இயந்திரம் வேறு ஆளுக்குப் போயிருந்தது. வீங்கிய காலோடு வந்த பெரியவர் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்களாம், அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணும். அந்த ஆளு நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேனேஜர்.

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றியவன் அவன்தானே. அங்கேயே வேலை பார்க்கும் அக்காவின் சிபாரிசில் வந்தவன். ரொம்ப நாள் வேலையில்லாமல் வீட்டில் பேச்சு வாங்கிவிட்டு இப்போதுதான் தலைநிமிர்ந்து நடக்கிறான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"எனக்கு ஒண்ணும் பிடிபடலக்கா. நீ கொஞ்சம் பாரேன்."

"பார்க்காம விடுவேனாடா? போய் எதையாவது சாப்பிடு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

பாசத்தோடுதான் சொன்னாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். தகவல் எதுவும் விட்டுப்போகவில்லை. புது சர்வரின் கடிகாரம்கூட நொடி பிசகாமல் ஓடியது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பழையது ஞாபகம் வந்தது. பழைய சர்வரின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும். அதில் கைவைத்தால் வேறென்ன நொறுங்குமோ என்று பயந்து, செய்தியில் போகிற நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டும் வரியை மென்பொருளில் எழுதி வைத்தவள் அவள்தான். அப்போதைக்கு ஒப்பேற்ற எழுதியது, பிறகு மறந்தே போனாள். கடிகாரம் சரியானதும் கூட்டல் தப்பாகிவிட்டது. தேடிப் போனால் வரி இருந்தது, எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயரும் இருந்தது.

அடுத்த மாதம் அவளைக் குழுத் தலைவியாக்குவதாகப் பேச்சு. ஒரு வார்த்தை சொன்னால் தம்பி தப்பிப்பான். சொன்னாளா மகராசி? வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"புது சர்வர்ல கடிகாரத்த தம்பி சரியா வைக்கல சார். இப்ப சரி பண்ணிட்டேன்."

மேனேஜர் எதையும் திறந்து பார்க்கிற ஆள் இல்லை. ஒரு தலை உருண்டால் போதும் அவருக்கு. "கூடப் பொறந்தவன்னும் பார்க்காம சொன்னீங்க பாருங்க" என்று மெச்சினார்.

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்காக நின்றான். அவளும் கூடவே போனாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்டா."

"வேணாங்க்கா. நானே வேலைய விட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன்." உள்ளே போய்த் திரும்பி நின்றான். "அந்த வரிய நான் காலைலயே பார்த்துட்டேன். உன்னப் பார்க்கச் சொன்னதே அதுக்கப்புறம்தான். நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

கதவு மூடிக்கொண்டது.

வேலையை விட்டுப் போகிறவர்கள் சர்வருக்குள் நுழையும் அனுமதியை ரத்து செய்வது அவள் பொறுப்பு. மற்றவர்களுடையதை நாள் கணக்கில் இழுத்தடிப்பாள். தம்பியுடையதை அவன் தெருவில் இறங்குவதற்குள் ரத்து செய்துவிட்டாள்.