அறுபத்தொன்றாவது தலை

அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை வருஷத்துக்கு ஒரு நாள், காலை பத்து மணிக்கு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகள்தான் முடிவு செய்யும். அறுபது வரை இரண்டு பேர். ஒரு தலை கூடினால் மூன்று. பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஆய்வாளரின் விரலுக்குத் தலை அகப்பட வேண்டும்.

பிள்ளைகள் 'ஆபீஸ் அக்கா' என்று கூப்பிடும் எழுத்தர் அன்று ஒன்பது மணிக்கே எண்ணிப் பார்த்தார். பதிவேட்டில் அறுபத்தொன்று; வகுப்பில் அறுபது. எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளைகளை வாசிக்க வைத்த மூன்றாவது டீச்சர் கரும்பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

வராதவள் யாரென்று அக்காவுக்குத் தெரியும். அம்மா தையல் கம்பெனிக்குப் போகும் நாளெல்லாம் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறவள். அக்கா ஓட்டமும் நடையுமாக அவள் வீட்டுக்குப் போனார். கிளம்பிக்கொண்டிருந்த அம்மா சண்டைக்கு வரவில்லை.

"பள்ளிக்கூடம் இலவசம்னு சொல்றீங்க. இவ அங்க வந்தா நான் இங்க இருக்கணும். என் ஒருநாள் கூலிதான்க்கா இவ ஃபீஸு."

பத்து வருஷமாகப் படிவங்களில் 'கட்டணம்: இல்லை' என்று எழுதிவந்தவர் அக்கா. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சிறுமியையும் கையோடு கூட்டிவந்தார்.

பத்து மணிக்கு, அவளை வகுப்பில் உட்கார வைத்து, தூங்கிவிட்ட குழந்தையை ஆபீஸில் ஒரு பாயில் கிடத்திவிட்டு ஆய்வாளருடன் நடந்தார். வகுப்பு வகுப்பாக எண்ணி முடித்த ஆய்வாளர் அறுபது என்றார். அக்கா பெஞ்சுகளைப் பார்த்தார்; அவள் இடம் காலி. ஆபீஸுக்கு ஓடிப் பார்த்தால், மேசைக்குப் பின்னால் அவள். தம்பியின் அழுகை காதில் விழுந்ததுமே, வீட்டுப் பழக்கத்தில், எழுந்து வந்து அவனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் இருந்தால்தான் கணக்கு என்றார் பின்னாலேயே வந்த ஆய்வாளர். அக்கா இருவரையும் வகுப்புக்கு அழைத்துப்போய், அவளை பெஞ்சிலும் அவனை டீச்சர் தோளிலும் சேர்த்தார். ஆய்வாளர் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அறுபத்தொன்று. டீச்சர் தோளருகே விரல் நின்றது.

"இவர் எந்த வகுப்பு?"

"அவருக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு சார்," என்றார் அக்கா.

ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். டீச்சர் குழந்தையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மறுநாள் எண்ண யாரும் வரப்போவதில்லை. இருந்தும், சாயங்காலம் குழந்தையை ஒப்படைக்கும்போது, நாளைக்கும் கொண்டுவந்து விடச் சொன்னார் அக்கா. அம்மா தயங்கினாள்.

"இவன் ரொம்ப அழுவான்க்கா."

"எனக்கும் ஃபைல் நிறைய இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுக்கறோம். அவ படிக்கட்டும்."