கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

இன்னும் கட்டப்படாத கார் ஷெட்டுக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சொட்டு மழைகூட விழவில்லை. தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் ஓடியது. வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த நாற்பதடிக்கு முப்பதடிக் கோட்டுக்குள் மட்டும் மண் காய்ந்து கிடந்தது. உள்ளே டேப்பும் கையுமாக நின்ற ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், தன் திட்டத்தின் தரத்தை மெச்சியபடி வெளியே வரப் பார்த்தார். கோட்டருகே வந்ததும் இல்லாத சுவரில் நெற்றி நங்கென்று இடித்தது.

பதினோரு வருடத் திட்டம் அது. தூண் எட்டா பத்தா என்பதில் இரண்டு வருடம் போனது, கூரை ஓடா தகரமா என்பதில் மூன்று. வரைபடச் சுருள்கள் அவருடைய அலமாரி நிறைந்து, மனைவியின் புடவை அலமாரிக்குக் குடியேறியிருந்தன. கொத்தனார் வருடாவருடம் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். முதல் தடவை வந்தபோது கல்யாணமாகாதவர், இப்போது மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. எல்லாம் முடிவாகியும் கதவு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஷட்டரா, இரட்டைக் கதவா? கதவு வரவேண்டிய இடத்தில் பென்சிலால் 'அப்புறம்' என்று எழுதி வைத்திருந்தார். கோடு போட்டபோதும் அந்த இடத்தில் இடைவெளி விடாமல் நேராக இழுத்துவிட்டார்.

கோட்டுக்குள்ளேயே அவருடைய பழைய காரும் நின்றது. கல்யாணமான புதிதில், சொந்தக் காரில் கூட்டிப்போய்க் கடல் காட்டுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காரை ஓடவைக்க ஷெட் வேண்டும், ஷெட்டுக்குத் திட்டம் வேண்டும் என்று முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. "நான் போய்ச் சேர்றதுக்குள்ள கடலே வத்திடும் போல" என்று அவள் சொல்லாத மாதமில்லை.

கொத்தனார் கடப்பாறையால் காற்றைக் குத்திப் பார்த்தார். கடப்பாறைதான் வளைந்தது. "சுவர் நல்ல கெட்டிங்க. நான் கட்டியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். நல்லவேளையாக வரைபடத்தில் ஜன்னலும், மூலையில் ஒரு குளியலறையும் இருந்தன. திருட்டுப் பயத்தில் மெக்கானிக் சேர்த்த கம்பிகளும் இருந்ததால், சாப்பாட்டைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில்தான் உள்ளே தள்ள முடிந்தது. இரவில் காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை மனைவி முற்றம் பெருக்கும்போது, துடைப்பம் பட்டுச் சுண்ணாம்புக் கோடு ஒரு சாண் அழிந்துபோனது. உள்ளே மாட்டியிருந்த பூனை அந்த வழியாக வெளியே வந்து சோம்பல் முறித்தது. அவள் பூனையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வரைபடம் ஒன்றும் கையில் இல்லாததால் பொழுது போகாமல் அவர் இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்தக் காரின் பானட்டை அவர் திறந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் தூக்கல். சத்தமில்லாமல் பொடி டப்பாவை எடுத்துவந்து அந்த ஒரு சாணையும் திரும்பப் போட்டாள்.

"ஏம்மா, நான் வெளிய வர ஏதாவது வழி பாரேன்" என்றார் மெக்கானிக், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க வேலையைப் பாருங்க. கதவை அப்புறம் பாத்துக்கலாம்."

இருபத்துமூன்றாம் நாள் இன்ஜின் இருமியது, புகை கக்கியது, பிறகு சீராக ஓடியது. மனைவி ஏற்கெனவே நல்ல புடவை கட்டித் தயாராக இருந்தாள். குதிகாலால் பத்தடிக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் விஷயமா என்று அவர் வாயைப் பிளந்தார். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள். கடல் வற்றவில்லை. அவள் முழங்கால் நனைய வெகுநேரம் நின்றாள், கொஞ்சம் அழுதாள்.

பிறகு கட்டட அளவெடுக்கும் அதிகாரி வந்து, நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, 'கட்டப்படாதது, நல்ல நிலையில் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதினார். மழை நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கேதான் துணி காயப்போடுகிறார்கள். பதினான்கடி உயரத்தில், ஒன்றுமில்லாததன் மேல் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒருநாள் மெக்கானிக், மேலே ஒரு மாடி எடுத்தால் என்ன என்றார். மனைவி பொடி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல படியைப் போடுங்க."