உமி உதறிய பனிமனிதன்

1991இல் தண்டலத்தில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. மாதம் ஒரே ஒரு பிரதி, அது வீடு வீடாகச் சுற்றும். கடைசியில் வெறும் பக்கங்கள் விட்டிருப்பார்கள். படித்தவர்கள் அதில் அபிப்பிராயம் எழுத வேண்டும்.

அதில் வாளும் மந்திரமுமாகத் தொடர்கதை எழுதியவள் தையல்காரி சசிரேகா. பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய இங்கிலீஷ் கதைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தவள். எல்லாவற்றிலும் பனிமலையில் வெள்ளை ரோமத்தோடு ஒரு குரங்கு மனிதன் பாய்வான். அடுத்த பக்கத்தில் வீரன் கையால் செத்தும் போவான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பெரிய உருவத்தை ஒரே வெட்டில் சாய்ப்பதா, இதென்ன நியாயம்? அவளுடைய பனிமனிதன் பாயவில்லை. பனியிலிருந்து எழுந்து, உடம்பில் ஒட்டிய உமியை உதறிவிட்டு, அசையாமல் நின்று பார்த்தான்.

பத்திரிகை ஆசிரியர் ஸ்ரீதர் தலையில் அடித்துக்கொண்டு வந்தான்.

"புக்கு இப்ப நடேசன் அண்ணன் வூட்ல கீது. மிலிட்டரில நாலு வருசம் பனிமலையில இருந்தவரு. பனியில ஏது உமின்னு ஊரே சிரிக்கப் போவுது. அடுத்த மாசம் உன் கதை வாணாம்."

மானம் கப்பலேறியது. அந்தப் பத்திரிகையை விட்டால் எழுத அவளுக்கு வேறு இடம் கிடையாது. ஒளிந்துகொள்ளத் தோன்றியது, ஆனால் நேராக நடேசன் வீட்டுக்கே போனாள்.

லீவில் வந்திருந்த நடேசன் கதையை மடியில் வைத்திருந்தார். "ஏம்மா, பனியில உமி எப்டி வந்துச்சு?"

"சோடாக் கடையில ஐஸ் கட்டிங்கள உமியிலதாண்ணே பொதைச்சு வெச்சிருக்காங்க. நான் பாத்த பனி அதான்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் தலை குனியாமல் நின்றாள். சிரிப்பு அடங்கியது.

"ஆனா அது நவுராம பாத்துகினே நிக்குதுன்னு எழுதினியே. அங்க ராத்திரில காவலுக்கு நிக்கசொல்ல, ஏதோ ஒண்ணு அப்டித்தான் என்னிய பாத்துகினு நிக்கறாப்ல இருந்துச்சு. வூட்ல கூட சொன்னதில்ல. உனக்கெப்டித் தெரியும்?"

"தெனம் ஏரிக்கரையில ஒண்டியா நடந்து வர்றேனே, தெரியாதா?"

அவர் பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: 'பனியில் உமி கிடையாது. பயம் நிஜம்.' கீழே பெயரும் படைப்பிரிவும் போட்டுக் கையெழுத்திட்டார்.

பத்திரிகை கைக்குத் திரும்பியதும் ஸ்ரீதர் அதை இரண்டு தரம் படித்தான். குரல் இறங்கிவிட்டது. "சரி, அடுத்த பாகம் எப்ப தருவ? உமிய எடுத்துடு. அப்பால வீரன் ஒரே வெட்டா வெட்டறான், இன்னா?"

"உமிய எடுத்துடறேன்," என்றாள் சசிரேகா. "என் பனிமனுசன வெட்டினா வாள்தான் ஒடையும்."