மூடி ஆறுமுன்

கிழக்கு வெளுக்குமுன்னே பதினோரு பெண்கள் இரும்பு டிரம்களில் வேர்க்கடலைத் தோலைக் குத்தி அடைத்தார்கள். தூசி தொண்டையை அறுத்தது. ஆம்பூருக்கு வெளியே, கிருமி கொல்லும் மாத்திரை செய்கிற கம்பெனியின் பின்பக்கம் அது. மூடி விளிம்பில் சேறு பூசிக் காற்றுப் புகாமல் சுட்டால் தோல் சாம்பலாகாது, கரியாகும். மருந்து கலந்த கழிவுநீர் தொட்டியில் அந்தக் கரி வழியே வடிந்துதான் ஓடைக்குப் போக வேண்டும். ஓடையோரத்தில்தான் அவர்கள் குடிக்கிற கிணறு.

போன வருஷம் மூன்று மாதம் முதலாளி கரியே மாற்றவில்லை. அவர்களில் ஒருத்தியான மஹ்பூபியின் மகளுக்குக் காலில் சின்னப் புண். மருந்துத் தண்ணீரிலேயே வளர்ந்து பழகிய கிருமி எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. பதினேழு வயசில் புதைத்தார்கள்.

நேற்றுச் சுட்ட டிரம்மின் மூடியில் தேவகி எச்சில் துப்பினாள். சுர்ரென்றது. சுர்ரென்றால் திறக்க மாட்டார்கள்.

முதலாளி புகழேந்தி வேகமாக வந்தான். "எட்டு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். தொட்டியில கரி இல்ல. தொறங்கடி!"

"ஆறல சார். காத்து பட்டா பத்திக்கும்," என்றாள் தேவகி.

"இன்னா, எனக்கே பாடமா?"

கடப்பாரையால் அவனே மூடியை நெம்பினான். ஆளுயரத்துக்குத் தீ எழுந்து தேவகி மேல் பாய்ந்தது. புடவை சதையோடு ஒட்டிக்கொண்டது. பாவம், கத்தக்கூட அவளுக்கு மூச்சு வரவில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தி இரண்டு பேர் அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"அடுப்புல சுட்டுக்கினான்னு ஆஸ்பத்திரில சொல்லுங்க," என்றான். டிரம்மில் மிஞ்சியது சாம்பல். "தொட்டித் தண்ணிய அப்படியே ஓடையில வுடுங்க. அவங்க வர்றப்ப காலியா இருக்கணும்."

மஹ்பூபி தொட்டியைத் திறக்கிற வால்வுச் சக்கரத்தை இறுகப் பிடித்தாள். "எம் பொண்ணு போனது பத்தாதா சார்?"

"ஏய், நகரு!"

"ஒரு டம்ளர் நீங்க குடிச்சுக் காட்டுங்க. நானே தொறக்கிறேன்."

பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். கடப்பாரை இறங்கியது. மஹ்பூபியின் இரண்டு விரல்கள் நசுங்கி எலும்பு தெரிந்தது. "யா அல்லா!" என்றாள். பிடியை விடவில்லை.

மிச்சமிருந்த ஏழு பேரும் பாய்ந்து வந்து சக்கரத்தைப் பிடித்தார்கள். அலறல் கேட்டு, மாத்திரை பேக் செய்யும் பெண்கள் வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்தார்கள். சக்கரத்தில் இடமில்லை; முன்னால் இருந்தவர்களின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

"அத்தினி பேரையும் வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்!"

"தூக்கு சார்," என்றாள் மஹ்பூபி. "தேவகி எப்படி வெந்தான்னு வர்ற ஆபீசர்கிட்ட நாங்களே சொல்றோம்."

"சொல்றோம்!" என்று பின்னாலிருந்து இருபது குரல்கள்.

கம்பெனி கேட் அருகே ஆபீசரின் ஜீப் வந்து நின்றது. இறங்குகிறவர் யார் பக்கம் பேசுவாரோ, எவருக்கும் தெரியாது. கடப்பாரை இன்னும் புகழேந்தியின் கையில்தான் இருந்தது. ஒருத்தியும் பிடியைத் தளர்த்தவில்லை.